"பிரேக் பிடிக்கலை": மலைச்சரிவு விபத்தும் காரண ஆராய்ச்சியும்

பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என எங்கே குடியேறியிருந்தாலும், திருப்பதிக்கு ஒரு தடவையாவது காரில் போய்வராத தமிழ்க் குடும்பம் நம்மிடையே அபூர்வம். பெங்களூரிலிருந்து புறப்பட்டால் முல்பாகல், பலமனேர் தாண்டியதும் மொகிலிச் சரிவு. அப்புறம் சித்தூர், பக்கத்திலேயே காணிப்பாக்கம் பிள்ளையார். கடைசியாகத் திருமலையின் மலைப்பாதை. மதனப்பள்ளி வழியாக வருகிறவர்களுக்குப் பாக்கராப்பேட்டை மலைப்பாதை. இந்தச் சரிவுகளில் விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் "வண்டி கட்டுப்பாட்டை இழந்து" என்று ஒரு வரி வரும். கட்டுப்பாட்டை இழந்தது விளைவு. அதற்குக் காரணம் என்ன என்பதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

2022 மார்ச் 26 இரவு, தர்மாவரத்திலிருந்து நிச்சயதார்த்தத்துக்காகத் திருப்பதி நோக்கி வந்த தனியார் பேருந்து பாக்கராப்பேட்டைப் பள்ளத்தில் கவிழ்ந்து, குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். (அப்போது அந்த இடம் சித்தூர் மாவட்டம். ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 4 அன்று, திருப்பதி தனி மாவட்டமாயிற்று.) ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற பேச்சு உடனே எழுந்தது. 2024 செப்டம்பர் 13 அன்று மொகிலிச் சரிவில் அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதிக்கொண்டபோதும் உயிர்ச்சேதம் பெரிது. கவனக்குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லோடு விசாரணை முடிந்துபோனால், வண்டிக்கு உள்ளே என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

காரை மட்டும் எடுத்துக்கொள்வோம். திருமலைக்கும் கீழே திருப்பதிக்கும் ஏறத்தாழ 700 மீட்டர் உயர வித்தியாசம். ஆட்களோடும் மூட்டைகளோடும் 1,500 கிலோ எடையுள்ள வண்டி இவ்வளவு உயரம் இறங்கும்போது, சுமார் ஒரு கோடி ஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஐம்பது முறை பிரேக் போட்டு நிற்பதற்கு ஈடு. இதில் ஒரு பங்கு டயர் உரசலிலும் காற்றிலும் கழிந்துவிடும். மிச்சத்தை இஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையேல் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் இஞ்சின் பெரும்பகுதியைத் தாங்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் சுமை முழுக்கப் பிரேக்கின் தலையில். இஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம்: நாலைந்து மிதிக்குப் பிறகு பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

பிரேக் சூடேறினால் கோளாறு இரண்டு வகையில் வரும். ஒன்று, பேட் தன் பிடிப்பை இழப்பது. பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. மற்றது பிரேக் ஆயில் கொதிப்பது. நம் கார்களில் ஊற்றும் 'டாட் 3' வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரவிதி கேட்பது 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகிறது. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். பெடல் பொத்தென்று தரையைத் தொடும்.

விசாரணை தடுக்கி விழுவது இங்கேதான். "சார், பிரேக் பிடிக்கலை சார், மிதிச்சா உள்ளே போயிடுச்சு" என்கிறார் டிரைவர். வண்டியைக் கிரேனில் தூக்கி ஸ்டேஷனில் நிறுத்துகிறார்கள். மறுநாளோ மூன்றாம் நாளோ மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து மிதித்துப் பார்த்தால் பெடல் கெட்டியாக நிற்கிறது. ஆயில் ஆறியதும் குமிழ் மறைந்துவிடுகிறதே! இயந்திரக் கோளாறு இல்லை என்று அறிக்கை போகிறது, டிரைவர் பொய் சொன்னதாக ஆகிறது. உண்மையில் இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். வாடகைக் கார் என்றால் இது சின்ன விஷயமா? நாலு வருஷமாக ஆயில் மாற்றாத முதலாளி வீட்டில் இருக்கிறார், வழக்கு டிரைவர் மேல்.

ஆகவே மிதித்துப் பார்ப்பது போதாது. ஆயிலில் ஒரு சிறு மாதிரி எடுத்து நீர்ச்சத்தைச் சோதித்தால் பாதி விடை கிடைக்கும். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா, பேட் கண்ணாடி போல் மெருகேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர் எதில் இருந்தது, சாவி எந்த நிலையில் இருந்தது என்பவை கிரேன்காரர் கை வைப்பதற்கு முன்பே குறிக்க வேண்டியவை. பழைய பல்பு உள்ள வண்டியானால் பிரேக் விளக்கின் இழைகூடச் சாட்சி சொல்லும்: எரிந்துகொண்டிருக்கும்போது மோதினால் சூடான இழை நீண்டு நெளிந்துவிடும், அணைந்திருந்தால் அப்படி ஆகாது.

சாலையும் பேசும். தேய்த்த தடம் 30 மீட்டர் என்றால், காய்ந்த தார்ச்சாலைக்கு உராய்வு எண் 0.7 என்று வைத்து, சமதளத்தில் வேகம் மணிக்குச் சுமார் 73 கிலோமீட்டர். எட்டு சதவீதச் சரிவில் அதே தடத்துக்கு 69தான் வரும். சரிவைக் கணக்கில் சேர்க்காதவர் டிரைவர் தலையில் நாலு கிலோமீட்டரைக் கூடுதலாகக் கட்டிவிடுவார். 2019 ஏப்ரல் முதல் புதிய கார் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் இந்தத் தடங்கள் அருகிவிட்டன. அதற்குப் பதிலாகச் சில வண்டிகளில் காற்றுப்பையின் கட்டுப்பாட்டுப் பெட்டியே மோதலுக்கு முந்தைய சில வினாடிகளின் வேகத்தையும் பிரேக் மிதித்ததையும் பதிந்து வைக்கிறது. கொண்டை ஊசி வளைவுக்குக் கணக்கு வேறு. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அதே சாலையில் 42 கிலோமீட்டருக்கு மேல் போனால் டயர் வழுக்கியே தீரும், பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. 1944-இல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கானது, ஏறத்தாழ 19 கிலோமீட்டர். அதற்குத் தேவஸ்தானம் 40 நிமிடம் என்று நேரக்கட்டுப்பாடு வைத்தது. கணக்குப் போட்டால் சராசரி 28 கிலோமீட்டர். "எதுக்கு இவ்வளவு மெதுவா?" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அது மிக நியாயமான எண்ணாகவே படுகிறது.

இப்படி ஆராய நம் நாட்டில் ஆள் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட ஜேபி ரிசர்ச் நிறுவனத்தார் விபத்து நடந்த இடத்துக்கே போய் அளந்து, காரணங்களைத் தொகுத்து வருகிறார்கள். போலீசார் விபத்து விவரங்களைக் கைபேசியிலேயே பதியும் 'ஐராட்' தரவுத்தளத்தை உருவாக்கியது சென்னை ஐஐடி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, விபத்துக் காரணங்களை ஆழ்ந்து ஆராயத் திட்டம் வகுக்கலாம் என்கிறது. 136-ஆம் பிரிவு விபத்தில் சிக்கிய வண்டியைப் பரிசோதிக்க அதிகாரம் தருகிறது.

நம் குடும்பம் ஒன்றுக்கு இப்படி நேர்ந்துவிட்டால், ஆஸ்பத்திரி வேலை ஒருபக்கம் நடக்கும்போதே உறவினர் ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய், வண்டியை நகர்த்துமுன் கியரையும் சாவியையும் சக்கரங்களையும் படம் பிடிக்கச் சொல்லிக் கேட்கட்டும். நகர்த்தியாகிவிட்டது என்றால், பிரேக் ஆயிலைச் சோதிக்க வேண்டும் என்று ஆய்வாளர் வருமுன்பே எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். வண்டியை ஒர்க்ஷாப்புக்கு விட்ட பிறகு கேட்டால் பழைய ஆயில் கிடைக்காது.