வாடகை ஆம்ப், போலி கிட்டார், ஒரு ஃபேக்ஸ்: ஸ்லாஷின் ‘டோன்’ கதை

தச்சநல்லூர் பக்கம் கோயில் கொடை நடக்கிற ராத்திரிகளில் ஒரு சத்தம் கேட்கும். மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயர் குமிழைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிடுவார். குழாய் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று கரகரக்கும். “ஏண்ணே, கொஞ்சம் குறைச்சு வைங்க, பாட்டு உடையுது” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். அவரும் குறைப்பார்.

அப்படி உடைகிற சத்தத்தைக் குறைக்காமல் பழக்கி, தாளத்துக்குள் கொண்டுவந்து, அதிலேயே பாட வைத்தால்? ராக் கிட்டார் என்று நாம் இன்று கேட்பதில் பெரும்பகுதி அந்த உடைசல்தான். அதை உலகத்துக்கே பிடிக்க வைத்தவர்களில் ஒருவர், உயரத் தொப்பியும் முகத்தை மறைக்கும் சுருட்டை முடியுமாக நிற்கும் ஸ்லாஷ். ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ குழுவின் கிட்டாரிஸ்ட். இயற்பெயர் சால் ஹட்சன்.

2012 டிசம்பரில் பெங்களூரு, மும்பை, குர்கான் என மூன்று ஊர்களுக்கு இந்தக் குழு வந்தது. ஸ்லாஷ் வரவில்லை. 2025 மே 17 அன்று மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் மறுபடி வாசித்தபோது அவர் மேடையில் இருந்தார். முதல் தடவை அவர் ஏன் வரவில்லை என்பதற்கான பதில் 1980-களில் பதிவான ஒரு கிட்டார் ஒலியில் தொடங்குகிறது.

கிப்சன் இல்லாத கிப்சன்

1986-87 வாக்கில் ‘அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’ ஆல்பத்தைப் பதிவு செய்ய ஐந்து இளைஞர்கள் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவுக்குள் போனார்கள். கையில் பெரிதாகக் காசு இல்லை. ஸ்லாஷிடம் இருந்த கிட்டார்கள் எதுவும் அவர் மனதில் இருந்த சத்தத்தைத் தரவில்லை. மேனேஜர் ஆலன் நிவன் ஒரு லெஸ் பால் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தலைப்பகுதியில் ‘கிப்சன்’ என்று எழுதியிருந்தது. ஆனால், அதைச் செய்தது கிப்சன் நிறுவனம் இல்லை. கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர், 1959-ம் வருடத்து லெஸ் பாலைப் பார்த்துத் தன் கையால் செய்த நகல் அது. வியாபாரக் கண்ணில் பார்த்தால் டூப்ளிகேட். அந்த டூப்ளிகேட்டின் ஒலியைத்தான் அசல் கிப்சன் வைத்திருப்பவர்கள் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். டெரிக் 1987-லேயே புற்றுநோயால் இறந்துவிட்டார். தன் கிட்டார் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அவர் பார்க்கவே இல்லை.

ஆம்ப் கதை இன்னும் வேடிக்கை. அது லாஸ் ஏஞ்சலஸில் இசைக்கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு கடையின் பழைய மார்ஷல். கடையின் டெக்னீஷியன் உள்ளே சில மாற்றங்கள் செய்து, வழக்கத்தைவிடச் சீக்கிரம் ‘உடைகிற’ மாதிரி வைத்திருந்தார். ஸ்லாஷுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. திருடு போய்விட்டது என்று கடைக்குச் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளப் பார்த்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கடைக்காரர்கள் கண்டுபிடித்துத் தூக்கிப்போய்விட்டார்கள். 2010-ல் மார்ஷல் நிறுவனமே அந்த வாடகை ஆம்பின் ஒலியைப் பிடிக்க ஸ்லாஷோடு சேர்ந்து ‘ஏஎஃப்டி 100’ என்ற புது மாடலை உருவாக்கியது.

உடைசல் எப்படி இசையாகிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் ‘பிக்கப்’ இருக்கும். காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச்சுருளும்தான் அது. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெரிதாக்குவது ஆம்ப்பின் வேலை.

அளவுக்கு மேல் பெரிதாக்கச் சொன்னால் ஆம்ப்பால் முடியாது. ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அந்த வெட்டில்தான் மூலத்தில் இல்லாத மேல் சுரங்கள் புதிதாக முளைக்கின்றன. கரகரப்பு என்று காதுக்குப் படுவது அதுதான். டிரான்சிஸ்டர் ஆம்ப் இந்த உச்சியைக் கத்தியால் சீவின மாதிரி வெட்டும். அதனால்தான் கொடை மைக் செட் காதைக் கிழிக்கிறது. போதாததற்கு குழாய் ஸ்பீக்கரில் அடி ஒலியும் வராது. தாத்தா காலத்து ரேடியோக்களில் இருந்த வால்வுகள் வேறு மாதிரி. அவை உச்சியை மெல்ல மழுக்கும். ஸ்லாஷ் வாசித்த மார்ஷல் வால்வு ஆம்ப். முரட்டுத்தனம் இருக்கும், கூடவே ஒரு சூடும் இருக்கும்.

அந்த நகல் கிட்டாரில் இருந்தது சீமோர் டங்கன் நிறுவனத்தின் ‘அல்நிக்கோ 2’ பிக்கப். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம் இது. மற்ற ராக் பிக்கப்களை ஒப்பிட்டால் காந்த பலம் குறைவு. ஆகவே, கம்பியை மீட்டின கணத்தில் ஒலி ஊசி மாதிரி குத்தாது, கொஞ்சம் உருண்டு வரும். கம்பிகளையும் வழக்கமான சுருதியிலிருந்து அரைச் சுரம் இறக்கியே கட்டியிருந்தார்கள். இறங்கிய கம்பி தளர்வாக இருக்கும், விரலுக்கு வளைந்து கொடுக்கும்.

‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ பாட்டின் தொடக்கத்தை இப்போது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். விரல் பயிற்சி மாதிரி விளையாட்டாக வாசித்த ஒரு துணுக்கு அது. கழுத்துப் பக்கத்து பிக்கப்பில் வாசித்ததால் கிட்டாரை விட ஏதோ ஊது வாத்தியம் போல ஒலிக்கும். அந்தப் பாட்டு 1988 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆல்பம் அந்நாட்டில் மட்டும் 1.8 கோடிப் பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்றிருக்கிறது.

அப்படின்னா அதே கிட்டார், அதே ஆம்ப் வாங்கினால் அதே டோன் வருமா? நாகஸ்வரக்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே சீவாளியை இரண்டு பேரிடம் கொடுத்தாலும் நாதம் ஒன்றாக இருக்காது. ஸ்லாஷ் ஒரு சுரத்தை வளைத்துப் பிடித்து, கடைசியில் மெதுவாக, அகலமாக அசைப்பார். அந்த அசைவை விற்கிற கடை இல்லை. செங்கோட்டை தாண்டிக் கொச்சிக்குப் போனால் ‘மதர்ஜேன்’ குழுவின் 2008 ஆல்பமான ‘மக்தூப்’பில் பைஜு தர்மஜன் இதே ராக் டோனுக்குள் கர்னாடக கமகங்களை ஏற்றி வாசித்திருப்பது கேட்கும். சாதனம் ராக், விரல் வேறு ஊர். பின்னாளில் அவரும் அந்தக் குழுவை விட்டுப் போனார் என்பது தனிக் கதை.

போனிலும் லேப்டாப்பிலும் ஸ்லாஷ் டோன் ப்ரீசெட்டைத் தட்டிவிட்டு “ஏன் அப்படி வரலை?” என்று குழம்புகிறவர்கள் காசை மிச்சம் பிடித்து முதலில் கம்பியை வளைக்கப் பழகலாம்.

ஒரு சோலோ மேல் இன்னொரு கிட்டார்

1990-ல் டிரம்மர் ஸ்டீவன் அட்லர் நீக்கப்பட்டார். 1991-ல் இன்னொரு கிட்டாரிஸ்ட் இஸ்ஸி ஸ்ட்ராட்லின் விலகினார். இஸ்ஸி போனது பெரிய இழப்பு. முதல் ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு காதில் அவர், மறு காதில் ஸ்லாஷ் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வது புரியும். பாடகர் ஆக்ஸில் ரோஸுக்கும் ஸ்லாஷுக்கும் இடையே அதன்பின் மெத்தை மாதிரி நிற்க ஆள் இல்லை.

உலகச் சுற்றுப்பயணம் 1993 ஜூலையில் முடிந்தது. அடுத்து என்ன மாதிரி இசை என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆக்ஸில் புதிய, எந்திரத்தனமான நவீன ஒலிகளை நோக்கிப் போக நினைத்தார். ஸ்லாஷுக்கு அந்தப் பழைய கரடுமுரடான ப்ளூஸ் ராக் போதும். இரண்டு ஆசையிலும் தப்பு சொல்ல முடியாது. ஒரே குழுவுக்குள் இரண்டும் இருந்ததுதான் சிக்கல்.

1994-ல் ‘இன்டர்வ்யூ வித் த வாம்பயர்’ படத்துக்காக ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சிம்பதி ஃபார் த டெவில்’ பாட்டை மறுபதிவு செய்தார்கள். ஸ்லாஷ் தன் சோலோவை வாசித்து முடித்துவிட்டுப் போனார். முடிந்த பாட்டைக் கேட்டபோது அதில் இன்னொரு கிட்டாரும் ஒலித்தது. ஆக்ஸிலின் ஊர் நண்பர் பால் டோபியாஸ் வாசித்தது. தன்னிடம் சொல்லாமலே சேர்த்ததாக ஸ்லாஷ் கொதித்தார். ஒரு குழு உடையும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பதிவைக் கேளுங்கள் என்ற பொருளில் 2007-ல் வந்த சுயசரிதையில் எழுதினார்.

வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். ஒரு பாட்டு, ஒரு கூடுதல் ட்ராக். ஆனால், கிட்டாரிஸ்டுக்கு டோன் என்பது பாடகருக்குக் குரல் மாதிரி. பாடி முடித்த பாட்டில் இன்னொருவர் குரலைக் கலந்து வெளியிட்டால் எந்தப் பாடகர் சும்மா இருப்பார்? அந்த இடத்தில் ஆக்ஸில் இருந்திருந்தாலும் அமைதியாக இருந்திருப்பார் என்று நினைக்க இடமில்லை.

1996 அக்டோபர் கடைசியில் ஆக்ஸில் எம்டிவிக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். ஸ்லாஷ் இனி இல்லை என்பது உலகத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. அதே 1996-ல்தான் மார்ஷல், ஒரு கிட்டாரிஸ்டின் பெயரில் தன் முதல் சிக்னேச்சர் ஆம்பை வெளியிட்டது. பெயர்: ‘ஜேசிஎம் ஸ்லாஷ்’. குழுவின் பெயர் ஆக்ஸிலிடம் தங்கியது. ஒலி வேறு வாசல் வழியாக வெளியேறிவிட்டது.

ஆள் போட்டும் நிரம்பாத இடம்

ஆக்ஸில் சும்மா உட்காரவில்லை. ராபின் ஃபிங்க், பக்கெட்ஹெட், பம்பிள்ஃபுட் என்று அசாத்தியமான கிட்டாரிஸ்டுகள் வந்தார்கள். வேகத்திலும் நுட்பத்திலும் இவர்களில் சிலர் ஸ்லாஷை மிஞ்சக்கூடியவர்கள். ஸ்லாஷ் ரசிகர்களே இதை ஒத்துக்கொள்வார்கள், கொஞ்சம் முனகிக்கொண்டு. ‘சைனீஸ் டெமாக்ரசி’ ஆல்பத்துக்கு 2005-க்குள்ளேயே 1.3 கோடி டாலர் செலவாகிவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது வெளிவந்தது 2008 நவம்பரில். பலர் சொல்கிற அளவுக்கு மோசமான ஆல்பம் இல்லை. ஆனால், பெயர் தெரியாமல் கேட்கிற ஒருவர் அதை ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ என்று கண்டுபிடிப்பது ஆக்ஸிலின் தொண்டையை வைத்துத்தான், கிட்டாரை வைத்து இல்லை.

இந்தப் பக்கம் ஸ்லாஷ் ‘வெல்வெட் ரிவால்வர்’ குழுவில் வாசித்தார், தனி ஆல்பங்கள் போட்டார். டோன் அப்படியே இருந்தது. அதற்கு எதிரே நிற்கிற அந்தக் கீச்சுக் குரல் இல்லை. 2012 ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தபோது ஸ்லாஷ் மேடைக்கு வந்தார். ஆக்ஸில் வர மறுத்துக் கடிதம் எழுதினார். மறுபடி சேருவீர்களா என்று அதே வருடம் கேமராவோடு துரத்திய ஒருவரிடம் “இந்த ஜென்மத்தில் இல்லை” என்றார். அந்த டிசம்பரில்தான் குழு பெங்களூருக்கு வந்தது. அன்று டிக்கெட் வாங்கியவர்கள் கேட்டது, அந்தப் பாட்டுகளை வேறு விரல்கள் வாசித்த ஒலியை.

2016 ஏப்ரல் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடோர் என்ற சின்ன கிளப்பில் இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். முட்டாள்கள் தினம் என்பதால் நம்பாதவர்களும் உண்டு. அதன்பின் நடந்த உலகப் பயணத்துக்கு ‘இந்த ஜென்மத்தில் இல்லை’ என்று அர்த்தம் வரும்படியே பெயர் வைத்தார்கள். வசூல் 58 கோடி டாலரைத் தாண்டியது.

இதில் சுவாரஸ்யமான பகுதி வசூல் இல்லை. 2021-ல் ‘அப்சர்ட்’, ‘ஹார்ட் ஸ்கூல்’ என்று இரண்டு பாட்டுகளை வெளியிட்டார்கள். இரண்டும் ஸ்லாஷ் இல்லாத காலத்தில், வேறு கிட்டாரிஸ்டுகளை வைத்து உருவானவை. பழைய பாட்டின் மேல் ஸ்லாஷ் தன் கிட்டாரைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார். 1994-ல் அவர் வாசித்ததன் மேல் வேறொருவர் கிட்டார் ஏறியது. இந்தத் தடவை மற்றவர்கள் இருந்த இடத்தில் ஏறியது அவருடையது. ‘ஹார்ட் ஸ்கூல்’ சோலோவை ஹெட்ஃபோனில் கேளுங்கள், முடிகிற இடத்தில் அந்த மெதுவான, அகலமான அசைவு கேட்கும்.