பழவேற்காட்டுப் பாடு: என் பழைய குறிப்புக்கு ஒரு திருத்தம்

போன வருஷம் பழவேற்காடு மீனவர்களின் ‘பாடு’ முறையைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ரொம்ப உற்சாகமாக எழுதினேன். கம்ப்யூட்டரில் ஒரே பிராசஸரைப் பல வேலைகளுக்கு முறைவைத்துக் கொடுப்போமே, அந்த ரவுண்ட் ராபின் இதுதான் என்று படமெல்லாம் போட்டு விளக்கியிருந்தேன். அதில் பாதி சரி. மீதியைத் திருத்த வேண்டியிருக்கிறது.

முதலில் சரியான பாதி. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, நம் பக்கம் தெற்கு முனை மட்டும். ஆனால் கடலோடு சேரும் ஒரு முகத்துவாரம் இங்கே இருக்கிறது. இறால் குஞ்சு அது வழியாக உள்ளே வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். அதனால் வலை கட்ட எல்லா இடமும் ஒன்றல்ல. நீரோட்டம் உள்ள இடத்தில் கட்டியவருக்குக் கூடை நிறையும், தள்ளிக் கட்டியவருக்கு டீசல் காசுகூடத் தேறாது. முதலில் ஓடிப்போனவனுக்கே இடம் என்று விட்டால் தினமும் அடிதடிதான்.

அதற்கு வந்த ஏற்பாடுதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்கள் நல்ல இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். குடும்பத்தலைவர் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பங்கு. சீட்டு எடுத்து வரிசை போடுவார்கள். கம்பு நட்டுச் சுத்து வலை கட்டுவது அந்த வரிசைப்படிதான். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து பேசும். சொல்லே அழகு. முறைக்கும் பாடு, படுகிற கஷ்டத்துக்கும் பாடு, ‘மீன்பாடு எப்படி?’ என்று கரையில் கேட்டால் வரத்துக்கும் பாடு.

1968இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்கர், பொதுச் சொத்தை ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று வாதிட்டார். எலினார் ஆஸ்ட்ரம் அதை மறுத்தார், 2009இல் பொருளாதார நோபலும் வாங்கினார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று துருக்கியின் அலன்யா. அங்கே மீனவர்கள் செப்டம்பரில் சீட்டுப் போட்டு, ஜனவரி வரை தினமும் ஓரிடம் கிழக்காக நகர்வார்கள், அப்புறம் மே வரை மேற்காக. அதைப் படித்தபோது ‘அட, நம்ம பழவேற்காடு!’ என்று துள்ளினேன். மீஞ்சூரில் குடியிருந்துகொண்டு, பைக்கில் ஒரு மணி நேரத்தில் இருக்கிற விஷயத்தைத் துருக்கி வழியாகத் தெரிந்துகொண்டதற்கு வெட்கப்பட்டும் இருக்கிறேன்.

பாடு தருவது மீன் மட்டும் இல்லை. ‘நான் இந்த ஊர்த் தலைக்கட்டு’ என்கிற நிலையையும் தருகிறது. புயல், வரத்து இல்லாத வருஷம், முகத்துவாரம் மண்மூடிப்போவது என்று எது வந்தாலும் குடும்பத்துக்கு வரிசையில் ஓர் இடம் இருக்கிறது. கூடிப் பேசிப் பழகிய ஊர்கள் என்பதால் வெளியிலிருந்து வரும் நெருக்கடிக்கும் கூடி நிற்க முடிகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இந்தக் கரையின் ஊர்கள் சேர்ந்து எதிர்த்தன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டங்கள் இரண்டும் தள்ளிவைக்கப்பட்டன. ‘மீள்திறன்’ என்று கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அது இதுதான் என்று முடித்திருந்தேன்.

இனி தவறான பாதி. குறிப்பு எழுதிச் சில மாதம் கழித்து, வெயில் ஏறும் நேரம், ஏரியோரம் நின்றிருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் நான்கைந்து இருளர் பெண்கள் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். கரைக்கு வந்த ஒரு அக்காவிடம் நான் பாட்டைப் பற்றி ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வலைக்காரங்களுக்குத் தம்பி. நாங்க தடவிப் புடிக்கிறவங்க. எங்களுக்கு ஏது பாடு?”

விரலில் துணி சுற்றியிருந்தார். சிப்பி கிழித்ததாம். ஆறிவிடுமா என்று கேட்டேன்.

“ரெண்டு நாளு தண்ணியில எறங்கலன்னா ஆறிடும்.”

“அப்ப இறங்காம இருக்கலாமேக்கா?”

கேட்ட பிறகுதான் எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று உறைத்தது. அவர் சிரித்துவிட்டுப் பறியைத் திரும்பக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். பறி வாயில் இருந்தால் பேச முடியாது.

அன்றிரவு என் படத்தைத் திறந்து பார்த்தேன். வரிசையில் யார் யார் என்று அழகாக வட்டம் போட்டிருந்தேன். வரிசையில் நிற்கவே அனுமதி யாருக்கு என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை. பாட்டுக்கு மதம் வேலி இல்லை, மூன்று ஊர்களில் ஒன்றின் பெயரிலேயே மாதா இருக்கிறார். சாதிதான் வேலி. இதே ஏரியை நம்பியிருக்கும் தலித் குடும்பங்களும் இருளர்களும் அதற்கு வெளியே. இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்த பிறகு அவர்களில் பலரும் வலை கட்டப் பார்த்தார்கள். பாடு உள்ள ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் தகராறு முற்றியது. சாரா குல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008இல் பழவேற்காட்டைப் பற்றி எழுதிய கட்டுரை, சூழல் மாறும்போது யாரால் எப்படி மாறிக்கொள்ள முடிகிறது என்பதில் பாட்டு உரிமைக்கும் சாதிக்கும் உள்ள பங்கைத்தான் பேசுகிறது. அதை அப்போதே முழுதாகப் படித்திருந்தால் இந்தத் திருத்தம் தேவைப்பட்டிருக்காது.

அமெரிக்காவில் இதையெல்லாம் நிறத்தை வைத்துப் பேசுவார்கள்: காயப்பட்ட சமூகங்கள் தங்கள் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு எப்படி மீள்கின்றன என்று. இங்கே காயப்பட்டவர்களுக்குள்ளேயே படிக்கட்டு இருக்கிறது. துறைமுகத்தின் முன்னால் பட்டினவரும் எளியவர்தான், ஏரிக்குள் இருளருக்கு முன்னால் அவர் உரிமைக்காரர். தமிழ்நாட்டின் ஆறு பழங்குடிகளை அரசு மிகவும் நலிந்தவை என்று வகைப்படுத்தியிருக்கிறது, இருளர் அதில் ஒன்று. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் வட மாவட்டங்களில் நிறைய. அதோடு வைத்துப் பார்த்தால், முதலாளி இல்லாமல் கையால் தடவிப் பிழைப்பதும் ஒரு சுதந்திரம்தான். அதற்கும் பெருமை உண்டு, நுணுக்கம் உண்டு. சேற்றுக்குள் இருப்பது இறாலா கெளுத்தி முள்ளா என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

பாட்டைக் கலைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கலைத்தால் இடம் இருளருக்கு வராது, பெரிய முதல் போட்டவனுக்குத்தான் போகும். கை வைத்துப் பிடிப்பவர்களுக்கு என்று சில ஓரங்களை விட்டு, அதையும் பஞ்சாயத்துக் கணக்கிலேயே எழுதினால் என்ன என்று கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “எங்களுக்கே இறால் இல்ல தம்பி, மொகத்துவாரம் மூடிக் கெடக்கு” என்றார். பொய் இல்லை. மணல் மூடினால் கம்பு நட்டவருக்கும் இல்லை, தடவுகிறவருக்கும் இல்லை.

பழைய குறிப்பை நீக்கவில்லை. படத்தில் வட்டத்துக்கு வெளியே தண்ணீரில் சில புள்ளிகள் வைத்திருக்கிறேன்.