பனிநாட்டு விருந்தும் கோவண்டிக் கடற்காகமும்

குளிர்நாடுகளில் பனி பெய்து தரையை மூடுங்கால், வீட்டுத் தோட்டத்துப் பறவைகளுக்குத் தானியமும் கொழுப்பும் வைப்பது வழக்கம். இதற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு. இருபது கிராம் எடைகூட இல்லாத சிறு பறவை தன் உடல் உஷ்ணத்தைச் சுமார் 40 டிகிரியில் காத்துக்கொள்ள வேண்டும். இதற்காக அது நீண்ட குளிரிரவு ஒன்றிலேயே தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரையில் இழந்துவிடக்கூடும். மறுநாட் காலையில் விதைகளும் பூச்சிகளும் பனிக்கடியில் அகப்பட்டிருப்பின் அது பிழைப்பது அரிது.

மும்பையில் பனி பெய்வதில்லை. ஆயினும் பனிக்குத் தப்பி வரும் பறவைகளைக் கோவண்டிக்குக் கிழக்கேயுள்ள தாணே உப்பங்கழியில் காணலாம். பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் பீடபூமிகளின் ஏரிகளில் குஞ்சு பொரிப்பது. அவ்வேரிகள் உறையும் பருவத்தில் அது நம் கடற்கரைகளை நாடி வருகிறது.

வந்த விருந்தினருக்குப் படகுகளிலும் கரையோரங்களிலும் மக்கள் சேவ், காண்டியா முதலிய பொரித்த பண்டங்களை எறிகின்றனர். நோக்கம் இரக்கமே; ஆனால் பனிநாட்டின் நியாயம் இங்கே பொருந்தாது. இங்கே உணவை எதுவும் மூடிவிடவில்லை. நாள்தோறும் இருமுறை ஓதம் இறங்குகையில் சேற்றுவெளி திறந்து, புழு, நண்டு, சிறுமீன் யாவும் வெளிப்படுகின்றன. பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இங்கு வருவதும் இச்சேற்றின் வளத்தாலேயே. இக்கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும், 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. எண்ணெயும் உப்பும் மிகுந்த மாவுப்பண்டம் மீனுக்கும் நண்டுக்கும் ஈடாகாது. வசந்தத்தில் இமயத்தைக் கடக்கவிருக்கும் பறவைக்கு அது நல்லுணவன்று.

ஆகவே, எறிவதை விடுத்துக் கவனிப்பதே தக்கது. ஓதம் ஏறும் வேளையில் பறவைகள் கரையை நெருங்கி வரும். அவ்வேளையை அட்டவணையில் பார்த்துக்கொள்க. மாணவர் எவரும் சேற்றில் இறங்கலாகாது. பெயரைக் கேட்டுப் பழுப்புத் தலையைத் தேடும் மாணவன் ஏமாறுவான். குளிர்காலத்தில் இதன் தலையும், உடன்வரும் கருந்தலைக் கடற்காகத்தின் தலையும் வெண்மையே. கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும். வளர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிறியது. கரிய சிறகு நுனியில் வெண்திட்டுகள் உண்டு. கருந்தலைக்கு விழி கரியது. சிறகின் முன்விளிம்பு வெண்மை. வாரந்தோறும் ஒரே இடத்தில் நின்று எண்ணிக் குறித்துவந்தால், மார்ச் மாதத்தையொட்டித் தலைநிறம் மாறுவதும் பின்னர்க் கூட்டம் குறைவதும் குறிப்பேட்டிலேயே புலப்படும்.

கழிக்கு வகுப்பை அழைத்துச் செல்ல இயலாத ஆசிரியர்கள் பள்ளி முற்றத்துச் சிட்டு, மைனாக்களைக் கொண்டு தொடங்கலாம். இங்கு முட்டுப்பாடு குளிர்காலத்து உணவன்று, கோடைத் தண்ணீரே. இரண்டங்குல ஆழமுள்ள மண்சட்டி போதும். கொசுப்புழு சேராதிருக்க நீரை நாள்தோறும் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.