கடற்பஞ்சு காட்டிய மருந்து வழி... கல்வராயன் மலைக் கடுக்காய்க்கும் அதே பரீட்சைதான்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். மேற்கே கல்வராயன் மலை. அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும். கடல் மீன்கூட இங்கே வண்டியேறித்தான் வருகிறது. ஆனாலும், கொரோனா காலத்தில் இந்த ஊர்க்காரர்களின் காதில் அடிக்கடி விழுந்த ஒரு மருந்தின் பூர்வீகத்தைத் தேடிப்போனால், அது ஒரு கடல் உயிரினத்தில் போய் நிற்கிறது.

அந்த மருந்து, ரெம்டெசிவிர்.

2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க முடியாது. இரண்டாவது அலையின் உச்சம். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இந்த ஊசி மருந்துக்காக நீண்ட வரிசை. கூட்டத்தைச் சமாளிக்க சேலம், திருச்சி, மதுரை, கோவை, நெல்லை ஆகிய ஊர்களிலும் விற்பனை தொடங்கியது. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் பக்கத்தில் இருந்தது சேலம்தான். கள்ளச்சந்தையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய குடும்பங்களும் தமிழகமெங்கும் உண்டு.

ஓட முடியாத உயிரின் ஆயுதம்

கதை தொடங்குவது 1945-ல். அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடற்கரையில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஒரு கடற்பஞ்சைச் சேகரித்தார். கடற்பஞ்சு பார்ப்பதற்குச் செடி போல இருந்தாலும் அது விலங்கு. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை வடிகட்டி உண்டு வாழும். எதிரி வந்தால் ஓட முடியாது; கடிக்கப் பல்லும் கிடையாது. இப்படிப்பட்ட உயிர்கள் பலவற்றுக்கும் வேதிப்பொருள்தான் ஆயுதம். மருந்து தேடுபவர்களுக்குக் கடல்மீது ஒரு கண் இருப்பதற்கு இதுதான் காரணம்.

பெர்க்மன் அந்தப் பஞ்சில் விசித்திரமான சில பொருட்களைக் கண்டார். நம் மரபணுவை எழுதும் 'எழுத்து'களைப் போலவே இருந்தன. ஆனால், அவற்றில் ஒட்டியிருந்த சர்க்கரை மட்டும் வேறு. அதாவது, அசலைப் போலவே தோன்றும் போலி எழுத்துகள்.

வைரஸ் பெருக வேண்டுமென்றால் தன் மரபணுவை எழுத்து எழுத்தாக நகலெடுக்க வேண்டும். நடுவில் ஒரு போலி எழுத்தைச் செருகிவிட்டால்? பையின் ஜிப்பை இழுக்கும்போது ஒரு பல் மட்டும் கோணலாக இருந்தால் மாட்டிக்கொள்ளும் அல்லவா... அப்படி நகலெடுப்பு நின்றுவிடும்.

பஞ்சு காட்டிய இந்த வழியில் வேதியியலாளர்கள் ஆய்வகத்திலேயே புதிய போலி எழுத்துகளை உருவாக்கினார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் சைட்டராபின் 1969-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹெர்பிஸ் வைரஸுக்கான விடராபின் 1976-ல் வந்தது. எய்ட்ஸுக்கு எதிராக 1987-ல் அனுமதிக்கப்பட்ட முதல் மருந்தான ஏ.இசட்.டி-யும் போலி எழுத்துதான். ரெம்டெசிவிரும் அதே வகை. அது பஞ்சிலிருந்து பிழிந்தெடுத்ததல்ல. பஞ்சு கற்றுக்கொடுத்த யோசனையின் வாரிசு.

கவனியுங்கள்... கடலில் பஞ்சை எடுத்ததற்கும் விடராபின் வந்ததற்கும் இடையே 31 ஆண்டுகள்!

கிண்ணத்தில் ஜெயித்தால் போதுமா?

கொரோனா வந்ததும் உலகமெங்கும் கடலை நோக்கிக் கண்கள் திரும்பின. மத்தியதரைக் கடலில், ஸ்பெயின் நாட்டின் இபிசா தீவு அருகே கிடைத்த, பை போன்ற உடல் கொண்ட ஒரு சிறு உயிரினத்திலிருந்து பிறந்தது பிளிட்டிடெப்சின். ஆஸ்திரேலியாவில் ஒருவகைப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்து. ஒரு வகை செல்லில் நடந்த ஆய்வக சோதனையில் ரெம்டெசிவிரைவிட இது 27.5 மடங்கு வீரியத்துடன் கொரோனா வைரஸை அடக்கியதாக, 2021 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியானது. உலகமே பரபரத்தது. ஆனால், அடுத்து நடந்த பெரிய மனிதப் பரிசோதனை, திட்டமிட்டதைவிடக் குறைவான நோயாளிகளுடன் பாதியில் முடிந்தது. கொரோனா மருந்தாக அது கடைக்கு வரவில்லை.

ரெம்டெசிவிரின் கதையும் பாடம்தான். ஓர் ஆய்வில், குணமாகும் காலத்தை 15 நாள்களிலிருந்து 10 நாள்களாக அது குறைத்தது. ஆனால், உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வின் முதல் முடிவுகளில், இறப்பைக் குறைப்பதில் பெரிய பலன் தெரியவில்லை. 2020 நவம்பரில் 'பரிந்துரைக்கவில்லை' என்றே அந்த நிறுவனம் சொன்னது. பின்னர் 2022 ஏப்ரலில், நோய் தீவிரமாகும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே தரலாம் என்று மாற்றிக்கொண்டது. வீட்டிலிருந்த நகையை விற்றாவது ஊசியை வாங்கிவிட வேண்டும் என்று மக்கள் தவித்த அந்த மே மாதத்தில், இந்த விவரம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

பாசியும் கடுக்காயும்

நம் கடலிலும் சங்கதி இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுப்பவர்கள். மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் கப்பாபைகஸ் என்ற பாசியும் வளர்க்கப்படுகிறது. இதிலிருந்து கிடைக்கும் கராஜீனன் ஐஸ்க்ரீமைக் கெட்டிப்படுத்தவும் பற்பசை தயாரிக்கவும் பயன்படுகிறது.

கராஜீனனில் 'அயோட்டா' என்று ஒரு வகை உண்டு. கப்பாபைகஸில் கிடைப்பதற்கு அது பங்காளி முறை. அர்ஜென்டினாவில் 394 மருத்துவமனை ஊழியர்களிடம் அதை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகச் சோதித்தார்கள். ஸ்பிரே அடித்தவர்களில் 2 பேருக்கும், மருந்தில்லாத ஸ்பிரே அடித்தவர்களில் 10 பேருக்கும் தொற்று வந்தது. நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால், இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கல்வராயன் மலைக்கும் இதே நியாயம்தான். இங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் சேகரிக்கும் காட்டுப் பொருட்களில் கடுக்காய் முக்கியமானது. கொரோனா காலத்தில் தமிழக அரசு வீடு வீடாக விநியோகித்த கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் கடுக்காய்த் தோலும் ஒன்று. தலைமுறைகளாகப் பயன்பட்ட பொருள் என்பது ஆராய்ந்து பார்க்க நல்ல காரணம். ஆனால், 'இந்த நோயைக் குணப்படுத்தும்' என்பதற்கு அது மட்டுமே சான்றாகிவிடாது. கடலில் பிறந்தாலும் மலையில் காய்த்தாலும், மருந்துக்குப் பரீட்சை ஒன்றுதான்.

அடுத்த முறை 'கொடிய வைரஸை அழிக்கும் அதிசயப் பொருள்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதித்தது ஆய்வகக் கிண்ணத்திலா, விலங்கிலா, மனிதர்களிடமா? எத்தனை பேரிடம்? அந்த மருந்து எடுத்துக்கொள்ளாதவர்களோடு ஒப்பிட்டார்களா? பதில் இல்லையென்றால், பணத்தை எடுக்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

2022 ஜனவரி 12-ம் தேதி தமிழகத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அவற்றில் மலையோரக் கள்ளக்குறிச்சியும் உண்டு; கடலோர ராமநாதபுரமும் உண்டு. கொள்ளைநோய் வந்த பிறகு கடலில் இறங்கித் தேடினால், மருந்து கைக்கு வருவதற்குள் அலை கடந்துவிடும். 2021-ல் உதவிக்கு வந்ததெல்லாம் யாரோ பல ஆண்டுகளுக்கு முன்பே பொறுமையாகத் தேடி வைத்தவைதான். காய்ச்சல் இல்லாத இந்த நாள்கள்தான், அடுத்த மருந்தைத் தேட வேண்டிய நாள்கள்.