அரசு வேண்டாம் என்ற உழவர் படை

அராஜகம் என்றவுடன் அடாவடி, அட்டூழியம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது, இல்லையா நேயர்களே? அந்தச் சொல்லின் மூலப்பொருள் வேறு. ராஜன் இல்லாத நிலை, அவ்வளவுதான். மேலே ஓர் அரசு இல்லாமலே மக்கள் கூடிப் பேசித் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள முடியும் என்று நம்புகிறவர்கள்தான் அராஜகவாதிகள். அப்படிப்பட்டவர்கள் ஒரு போரை நடத்த நேர்ந்தால் என்ன ஆகும்? படை என்றாலே உத்தரவும் தண்டனையும்தானே!

இந்தச் சோதனை உண்மையிலேயே நடந்தது. இடம், தென்கிழக்கு உக்ரேனில் உள்ள குலியாய்போலே. தலைவர் நெஸ்டர் மாக்னோ. 1888இல் ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர். ஜார் ஆட்சியில் மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, மாஸ்கோ சிறையில் கிடந்தார். 1917 புரட்சி அவரை விடுவித்தது. ஊர் திரும்பியவர், பண்ணையார்களின் நிலத்தை உழவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதில் முன்னின்றார்.

1918இல் ஜெர்மானிய, ஆஸ்திரியப் படைகள் உக்ரேனைப் பிடித்தன. அவற்றின் துணையோடு பண்ணையார்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டு வந்தார்கள். உழவர்கள் துப்பாக்கியை எடுத்தது அப்போதுதான். பலருக்குக் கொள்கையைவிட நிலம்தான் முக்கியம் என்பது என் கருத்து.

அவர்களுடைய பலம் வேகம். வில் பொருத்திய குதிரை வண்டியின் பின்பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கியை ஏற்றினார்கள். இதற்குத் தச்சான்கா என்று பெயர். காலாட்படையினரும் வண்டிகளில்தான் போனார்கள். களைத்த குதிரைகளைக் கிராமத்தில் விட்டுவிட்டு வேறு குதிரைகளைப் பூட்டிக்கொள்வார்கள். எதிரி பெருந்திரளாக வந்தால் துப்பாக்கியைப் புதைத்துவிட்டு வயலில் இறங்கிவிடுவார்கள். வீரன் யார், உழவன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1919 செப்டம்பர் 26இல் பெரகோனோவ்கா என்ற ஊரருகே, துரத்தி வந்த வெள்ளைப் படையை இவர்கள் திருப்பியடித்தார்கள். தளபதி டெனிகினின் படைகள் மாஸ்கோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய முதுகுப்புறத்தில் புகுந்து தளவாடப் பாதைகளைக் குலைத்தார்கள். டெனிகினின் தோல்வியில் செம்படைக்கு மட்டும் பெருமை சேர்ப்பது நியாயமில்லை.

ஆனால் நகரங்கள் கைக்கு வந்ததும் சிக்கலும் வந்தது. ரயில்வே தொழிலாளர்கள் சம்பளம் கேட்டார்கள். ரயிலில் போகிறவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் மாக்னோவின் பதில். கிராமத்தானிடம் கோதுமை இருக்கிறது, பண்டமாற்றுச் செய்யலாம். நகரத் தொழிலாளி எதைக் கொடுப்பான்?

அதிகாரத்தை வெறுத்தவர்களிடமும் ஒரு ரகசிய உளவுப் பிரிவு இருந்தது. அதன் அத்துமீறல்களைக் கூட்டாளியான வோலினே பின்னாளில் கண்டித்து எழுதினார். 1919 இலையுதிர் காலத்தில் ஐக்கன்ஃபெல்டு கிராமத்தில், ஜெர்மன் மொழி பேசும் மென்னனைட் கிறிஸ்தவர்கள் பலர் இந்தப் படையினரின் கையால் மடிந்தார்கள். இதை மறைத்துவிட்டு மாக்னோவைப் புகழ்வது சரியல்ல.

செம்படையுடனான நட்பும் நிலைக்கவில்லை. 1919இல் சேர்ந்தார்கள், அதே ஆண்டு பிரிந்தார்கள். 1920இல் வெள்ளைத் தளபதி ரேங்கலை எதிர்த்து மறுபடியும் கைகோத்தார்கள். கிரிமியா வீழ்ந்த சில நாட்களிலேயே, நவம்பர் 26இல், செம்படை இவர்கள் மீது பாய்ந்தது. கிராமங்களும் ஓய்ந்து போயிருந்தன. 1921 ஆகஸ்டில், காயங்களோடு மாக்னோ ருமேனியாவுக்குள் தப்பினார். பாரிஸில் வறுமையில் வாழ்ந்து, 1934இல் காசநோயால் இறந்தார்.