“நீ யார் வீட்டுப் பையன்?”

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பையன் தனியாகச் சுற்றினால், “நீ யார் வீட்டுப் பையன்?” என்று கேட்க யாராவது இருப்பார்கள். சிறார் குற்றத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியே நல்ல தொடக்கம்.

ஒரு சிறுவன் திருட்டிலோ அடிதடியிலோ சிக்கினால் வளர்ப்பைக் குறை சொல்கிறோம். அல்லது சாதியை, வெளியூர்க்காரன் என்பதை. ஆனால் அமெரிக்காவின் சிகாகோவில் சமூகவியலாளர்கள் கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே இருவரும் சிறார் வழக்குகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். 1942-ல் வெளியான அவர்கள் நூல் காட்டியது இதுதான்: ஆலைகளை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில் ஒரு நாட்டவர் போய் இன்னொரு நாட்டவர் வந்தார்கள், ஆனால் வழக்குகள் அதே பகுதிகளில்தான் குவிந்தன. ஆக, குறை ரத்தத்தில் இல்லை.

வறுமை நேரடியாகக் குற்றவாளியை உருவாக்குவதில்லை. அப்பா இரவு ஷிப்டு, அம்மா பகல் ஷிப்டு. விளையாட மைதானம் இல்லை. வாடகை ஏறினால் வீடு மாறும், பள்ளியும் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அந்த வெற்றிடத்தில் கஞ்சா விற்பவனோ, வேலை ஏவும் ரவுடியோ “அண்ணன்” ஆகிவிடுகிறான்.

சமூகவியலாளர் ராபர்ட் சாம்சனும் அவருடைய சகாக்களும் சிகாகோவின் 343 குடியிருப்புகளில் நடத்திய ஆய்வை 1997-ல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுத் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா என்பது அவர்கள் விசாரித்தவற்றுள் ஒன்று. அப்படிக் கேட்கும், ஒருவரையொருவர் நம்பும் இடங்களில், வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும், வன்முறை குறைவாகவே இருந்தது.

நம் ஊர்ப் பாடம் சென்னை கண்ணகி நகர். 2000 முதல் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து அங்கே குடியேற்றினார்கள். வீடு கிடைத்தது, ஆனால் வேலை, பள்ளி, தெரிந்த முகங்கள் எல்லாம் தூரமாயின. முகவரியைச் சொன்னாலே சந்தேகப் பார்வை வந்தது. போலீஸ் அதிகம் தேடும் இடத்தில் வழக்கும் அதிகம் பதிவாகும் என்பதையும் மறக்கக் கூடாது. அதே கண்ணகி நகரில் கபடி பழகிய பெண் ஒருவர், 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். பிள்ளைகள் மாறவில்லை, ஆடுகளம் கிடைத்தது, பயிற்சியாளர் கிடைத்தார்.

போச்சம்பள்ளிக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 2021-ல் மின்ஸ்கூட்டர் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது. வேலை வருவது நல்லது. வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு, மைதானம், நூலகம் ஆகியவையும் கூடவே வர வேண்டும். அப்படி வந்த, இந்தி பேசும் பையன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை என்றால், ஆசிரியர் அவன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் சிறாரை இல்லத்தில் அடைப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை யாரும் அழைக்கலாம். அதற்கும் முன்னால், தெருவில் நிற்கும் பிள்ளையின் பெயரையாவது நாம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.