உங்களுக்குத் தெரியுமா? பெயர் நான்கு, தயாரிப்பாளர் ஒருவர்!

அமெரிக்கக் கடைகளில் டிராய்-பில்ட், யார்டு மெஷின்ஸ், போலன்ஸ், கப் கேடட் என்ற பெயர்களில் விற்ற புல்வெட்டும் இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று போட்டி என்றே வாங்க வந்தவர் நினைப்பார். நான்கும் எம்டிடி நிறுவனத்தின் பிராண்டுகள்! 1932-இல் ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2021-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் முழுமையாக வாங்கியது.

சியர்ஸ் கடைகள் பல்லாண்டு காலம் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் கதை இன்னும் சுவாரசியமானது. பிறர் தயாரித்துக் கொடுத்த இயந்திரத்தில்தான் சியர்ஸ் அந்தப் பெயரை ஒட்டியது. செய்தவர் யார் என்பதை மாடல் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். 247 என்று தொடங்கினால் எம்டிடி; 917 என்றால் ஏஒய்பி, அதாவது பின்னாளில் ஹஸ்க்வர்னாவுக்குப் போன நிறுவனம். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் இந்த மூன்று இலக்கங்களைப் பார்த்துவிட்டுத்தான் உதிரிபாகம் தேடுவார்கள்.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று விலை குறைந்ததை எடுத்துவிடக் கூடாது. தயாரிப்பாளர் ஒருவரே ஆனாலும் கத்தியை மூடியிருக்கும் எஃகுத் தகட்டின் கனம், கியர் பெட்டி, சக்கர பேரிங், உத்தரவாதக் காலம் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். நேர்மாறாக, போட்டி நிறுவனங்கள் இரண்டின் இயந்திரங்களுக்குள் ஒரே பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் ஓடுவதும் உண்டு.

மாடல் எண்ணை எங்கே தேடுவது? உட்கார்ந்து ஓட்டும் வகையில் பெரும்பாலும் இருக்கைக்கு அடியில். தள்ளும் வகையில் பின்பக்கம்.